விருந்தாளிக் கோழி

பாலத்துக்கு இந்தப் பக்கமே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டான் வாடகை வண்டிக்காரன். எஞ்சினை அணைக்கக்கூட இல்லை.

"இறங்குங்க பெரியவரே. இதுக்கு மேல நான் வரமாட்டேன்."

"வோஸிலோவுக்குள்ள கொண்டுபோய் விடுறேன்னுதானேய்யா வோயின்ஜாமாவுல ஏத்துன?"

"ஏத்தும்போது உங்க தொப்பியைச் சரியாப் பாக்கல. பாதி வழியிலதான் பாத்தேன். ஒரு மாண்டிங்கோ ஆளை லோர்மா ஊருக்குள்ள இறக்கிவிட்டு, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, கூட்டிட்டு வந்தவன் எவன்னு என்னையில்ல தேடுவாங்க? நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"நான் மட்டும் என்ன, மரத்துல காய்ச்சவனா?" என்று மோரிபா கேட்டு முடிப்பதற்குள் அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு புழுதியோடு போய்விட்டான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஐ.நா. படையிடம் எல்லோரும் துப்பாக்கியைக் கொடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வோயின்ஜாமா சந்தியில் பாகிஸ்தான் சிப்பாய்கள் மணல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை முடிந்தது, எல்லோரும் வீடு திரும்பலாம் என்று ரேடியோ தினமும் சொன்னது. ரேடியோவுக்கு என்ன, அதுவா காட்டுப் பாதையில் ஊர் ஊராக நடந்து போகப்போகிறது?

மோரிபா டோன்சோ நடந்தான். தோளில் ஒரு பை. அதில் உப்பு, வெங்காயம், கோர்வாவின் மனைவி லோர்ப்புவுக்கு ஒரு தலைத்துணி. இடுப்பில் ஒன்றுமில்லை. அதுதான் அவன் நடையையே கெடுத்தது. இருபது வருஷமாக இடுப்பில் தொங்கிய கசாப்புக் கத்தியை, எல்லைக்கு அந்தப் பக்கம் கினியாவில் இருக்கும் அகதி முகாமில், மனைவி மசாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

"கத்தியோட அந்த ஊருக்குள்ள போனா, நீ வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே கதை முடிஞ்சிடும்" என்றாள் மசா. அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள, ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோற லாரிக்குப் பேர் கொடுக்கணும். கொடுத்தா வோஸிலோ. கொடுக்கலைன்னா, முகாமை மூடுனதும் மூணு பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு தெரியாத ஊர்ல அலையணும். நீ போய் நூறு பேரைப் பாக்க வேணாம். கோர்வா ஒருத்தன் மூஞ்சியை மட்டும் பாத்துட்டு வா. அவன் இன்னும் நம்ம ஆளுன்னா பேர் கொடுப்போம். இல்லைன்னா அந்த ஊர்ப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

கோர்வா யார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோரிபாவின் அம்மா யாஸா வோஸிலோவில் பிறந்த லோர்மாப் பெண். எங்கள் பக்கத்தில் மாண்டிங்கோ, லோர்மா என்று இரண்டு இனம். மாண்டிங்கோக்காரன் லோர்மாப் பெண்ணைக் கட்டுவது காலங்காலமாக உள்ளது. அம்மா பிறந்த ஊர் என்றால் அந்த ஊர் ஆம்பளை அத்தனை பேரும் மாமன்தான், தொட்டிலில் கிடக்கிற பயல் உட்பட. கோர்வா மோரிபாவைவிட ஆறு நாள் மூத்தவன். அந்த ஆறு நாளை வைத்துக்கொண்டு அவன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அப்பப்பா!

"மாமான்னு கூப்பிடுடா."

"மூக்கைத் துடைடா முதல்ல. அப்புறம் கூப்பிடுறேன்."

இது ஐந்து வயதில். முப்பது வயதிலும் இதேதான்.

மாமன் வீட்டில் மருமகன் கேட்காமல் எடுக்கலாம். கோழியோ, வாழைத்தாரோ, அடுப்பில் வெந்துகொண்டிருக்கிற சட்டியோ, எது கையில் கிடைத்தாலும் சரி. அது திருட்டு ஆகாது. ஆனால் அதற்கொரு முறை உண்டு. எடுத்தவனை மாமன் ஊர் கேட்கத் திட்ட வேண்டும். மருமகன் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருத்தனும் கோபித்துக்கொள்ளக் கூடாது. திட்டி ஓய்ந்ததும் கோழி சட்டிக்குப் போகும், இரண்டு பேரும் ஒரே தட்டில் கை வைப்பார்கள். வெளியாள் வந்தால் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. அவனுக்கு நாற்காலி போடுவோம், மெல்லுவதற்குக் கசப்பான கோலாக்கொட்டையும் மிளகாயும் தட்டில் வைத்து நீட்டுவோம், அடக்கமாகப் பேசுவோம், போகும்போது கால் கட்டிய ஒரு வெள்ளைக் கோழியைக் கையில் கொடுத்து அனுப்புவோம். அதை விருந்தாளிக் கோழி என்போம்.

மோரிபா வோஸிலோவில் ஒருநாளும் விருந்தாளிக் கோழி வாங்கியதில்லை. அவன் கல்யாண வாரத்தில் கோர்வாவின் கூண்டிலிருந்து மூன்று கோழியைத் தூக்கிக்கொண்டு போனதும், கோர்வா கூரைமேல் ஏறி நின்று "என் கோழியைத் தின்ன வாயில பல்லு முளைக்காமப் போக! உன் பொண்டாட்டிக்கு நீ குறட்டை விடுறது தெரியுமாடா?" என்று கத்தியதும், ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் பழைய கதை.

அவன் தொழில் கசாப்பு. வோஸிலோவில் ஆடு மாடு எதை அறுத்தாலும் மோரிபாவைத்தான் கூப்பிடுவார்கள், லோர்மா வீட்டு விசேஷமானாலும் சரி. முஸ்லிம் கை அறுத்தால்தான் பக்கத்து மாண்டிங்கோ வீட்டுக்காரனும் பந்தியில் உட்கார முடியும். யாரும் சட்டம் போட்டு வந்ததல்ல இது. பக்கத்து வீட்டுக்காரனை வாசலில் நிற்க வைத்துவிட்டு நாம் மட்டும் தின்பதா என்கிற வெட்கம்தான். அவனுடைய கறி வெட்டும் கட்டை, இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பெரிய கட்டை, கோர்வா வீட்டு முற்றத்தில்தான் கிடக்கும்.

பிறகு துப்பாக்கிகள் வந்தன. அதைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு மனசில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்பு ஒரு படை மாண்டிங்கோ வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தியது. கோர்வா மோரிபாவையும் மசாவையும் பிள்ளைகளையும் தன் வயல் குடிசையின் நெல் பரணில் நான்கு நாள் ஒளித்து வைத்தான். ஐந்தாம் நாள் காட்டு வழியாக எல்லை ஆற்றுக்குக் கூட்டிப் போனான். மாட்டியிருந்தால் இரண்டு குடும்பமும் சேர்ந்து போயிருக்கும். கரையில் நின்று, "போய்த் தொலைடா திருட்டுப் பயலே. என் கோழியாவது நிம்மதியாத் தூங்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். அதுதான் கடைசிப் பேச்சு.

மறு வருஷம் எதிர்ப் படை கினியாப் பக்கமிருந்து இறங்கியது. அதில் மோரிபாவின் சொந்தத் தம்பி லன்சானாவும் துப்பாக்கியோடு போனான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. அந்தப் படை வோஸிலோவுக்குள் நுழைந்த அன்று சாயங்காலம், கோர்வாவின் அண்ணன் ஸூபாவை யாரோ சுட்டுவிட்டார்கள். செய்தி முகாமுக்கு வந்தபோது மோரிபா இரண்டு நாள் சாப்பிடவில்லை. லன்சானாவைக் கேட்கவும் வழியில்லை. அவனும் அடுத்த மழைக்காலத்தில் தலைநகருக்குப் போகிற சாலையில் செத்துப்போனான்.

இந்தச் சுமையோடுதான் அவன் பாலத்தைத் தாண்டினான்.

அவன் வீடு இருந்த இடத்தில் மரவள்ளி நின்றது. சுவரில்லை, கூரையில்லை, இடுப்புயரச் செடிகள்தான். பாத்தி கட்டி நேராக நட்டிருந்தார்கள். யாரோ நின்று நிதானமாகப் பாடுபட்டிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. வந்த வழியே திரும்பிவிடலாமா என்று மோரிபாவின் கால் ஒரு நிமிஷம் தயங்கியது.

"யாரு அது?"

பாட்டிலில் பெட்ரோல் விற்கும் பலகைக்குப் பக்கத்தில் மூன்று இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எழுந்தான். கையில் வெட்டுக்கத்தி. எங்கள் ஊரில் வெட்டுக்கத்தி இல்லாமல் எவனும் வயலுக்குப் போவதில்லை, அதனால் அது ஒன்றும் விசேஷமில்லை. ஆனாலும் அன்றைக்கு அது மோரிபாவின் கண்ணில் பெரிதாகத்தான் தெரிந்தது.

"யாரைப் பாக்கணும்?"

"கோர்வாவை."

"நீ அவருக்கு என்ன வேணும்?"

மருமகன் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் "தெரிஞ்சவன்" என்றான்.

அந்த இளவட்டம் அவனை மேலும் கீழும் பார்த்தான். "எனக்கும் உன்னைத் தெரியும். நீ கசாப்புக்காரன். லன்சானாவோட அண்ணன்."

மோரிபாவுக்கும் அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. அந்த நெற்றி ஸூபாவின் நெற்றி. ஸூபாவின் மகன் தோக்பா. கடைசியாகப் பார்த்தபோது பதினைந்து வயது இருக்கும், ஆட்டுக் குடலைக் கேட்டு மோரிபாவின் பின்னாலேயே சுற்றுவான்.

"நட" என்றான் தோக்பா. மூன்று பேரும் பின்னால் வந்தார்கள். வழியில் ஒரு பெண் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அது அவன் பத்து வருஷம் கறி கொடுத்த வீடு.

கோர்வாவின் முற்றத்தில் லோர்ப்பு உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் உலக்கை நின்றது. "வா"வும் இல்லை, "போ"வும் இல்லை. உலக்கையோடு உள்ளே போய்விட்டாள். தோக்பா நேராகப் போய் முற்றத்து ஓரத்தில் கிடந்த கட்டைமேல் உட்கார்ந்தான். மோரிபா அந்தக் கட்டையைப் பார்த்தான். அவனுடைய கட்டைதான். கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

கோர்வா வெளியே வந்தான். ஆள் பாதியாகியிருந்தான், இடது காலை இழுத்து நடந்தான். மோரிபாவுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கை நீட்டினான். கோர்வாவும் நீட்டினான். எங்கள் ஊரில் கை குலுக்கினால் கடைசியில் இருவர் நடுவிரலும் சேர்ந்து சொடுக்குப் போட வேண்டும். கோர்வா சொடுக்குக்கு முன்பே கையை எடுத்துக்கொண்டான்.

"வாங்க" என்றான்.

வாங்க! நாற்பத்திரண்டு வருஷத்தில் கோர்வா அவனை ஒருநாள்கூட 'வாங்க' என்று சொன்னதில்லை.

நாற்காலி வந்தது. கோர்வா அதைத் தோள் துணியால் துடைத்துப் போட்டான். தண்ணீர் வந்தது. ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு கோலாக்கொட்டையும் நாலு சிவப்பு மிளகாயும் வந்தன. எல்லாம் சரியாக, முறையாக, ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஒரு குறையாவது இருந்திருக்கக் கூடாதா என்று மோரிபா ஏங்கினான்.

"வழியில என்ன சேதி?" என்று கேட்டான் கோர்வா. வெளியூர்க்காரனிடம் கேட்கிற கேள்வி அது.

"நல்ல சேதிதான். பாதை தெறந்திருக்கு. ஆத்துல தண்ணி கம்மி."

"வீட்ல எல்லாரும் சுகமா?"

"மசா சுகம். பிள்ளைங்க வளந்துட்டாங்க."

"கடவுளுக்கு நன்றி."

"கடவுளுக்கு நன்றி" என்றான் மோரிபாவும். கோலாவைக் கடித்தான். கசப்பு நாக்கில் ஏறியது. மிளகாயையும் கடித்துப் பார்த்தான், கண்ணில் நீர் வந்தது, மிளகாயால்தான் என்று எல்லோரும் நினைக்கட்டும் என்று துடைக்காமல் விட்டான்.

ஸூபாவைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. அந்தப் பெயர் முற்றத்தின் நடுவில் நின்றது, எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். மழை, கோக்கோ விலை, பாலத்துப் பலகை. மோரிபா பையிலிருந்த உப்பையும் தலைத்துணியையும் எடுத்து வைத்தான். "எதுக்குச் சிரமம்" என்றான் கோர்வா. பழைய கோர்வா என்றால் துணியைப் பிரித்துப் பார்த்து, "இதென்னடா, உன் பொண்டாட்டி பழசா?" என்று கேட்டிருப்பான். இவன் மடிப்புக் கலையாமல் ஓரமாக வைத்தான்.

மோரிபா வீட்டைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தவித்தான். நாங்கள் திரும்பி வரலாமா? கேட்டால் கோர்வா என்ன சொல்வான் என்று அவனுக்கே தெரியும். ஊர்த் தலைவரிடம் சொல்கிறேன், பெரியவர்கள் கூடட்டும், பேசுவோம் என்பான். விருந்தாளிக்குச் சொல்கிற பதில் அதுதான். அது முடிய ஒரு மழைக்காலம் ஆகும். மசாவுக்கு இருப்பதோ வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்.

கோர்வா வானத்தைப் பார்த்தான். "பொழுது சாயுறதுக்கு முன்ன பாலத்தைத் தாண்டிட்டா உங்களுக்கு நல்லது" என்றான். குரலில் கோபம் துளிகூட இல்லை. பிறகு உள்ளே பார்த்து, "லோர்ப்பு, அந்த வெள்ளையைப் பிடி" என்றான்.

மோரிபா நாற்காலியிலிருந்து எழுந்தான்.

லோர்ப்பு கோழியைக் கொண்டு வந்தாள். சுத்த வெள்ளை, ஒரு கறுப்பு இறகுகூட இல்லை. வாழைநாரால் காலைக் கட்டியிருந்தாள். கோர்வாவிடம் கொடுத்தாள், மோரிபாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கோர்வா இரண்டு கையாலும் அதை நீட்டினான்.

"எங்களால முடிஞ்சது. எடுத்துக்கிட்டு நல்லபடியா போய்ச் சேருங்க."

இரண்டு கையாலும் வாங்கி, நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவ்வளவுதான், முடிந்தது. ஐந்து வயதிலிருந்து திட்டிய திட்டெல்லாம், நெல் பரணில் கிடந்த நாலு நாள், ஆற்றங்கரை, எல்லாம் அந்தக் கோழியோடு கட்டி அனுப்பப்படும். வாங்காவிட்டாலோ அதைவிடக் கேடு. ஊர் பார்க்க நீட்டிய விருந்தாளிக் கோழியை மறுப்பது வீட்டுக்காரன் முகத்தில் துப்புவதற்குச் சமம். தோக்பா இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான், வெட்டுக்கத்தி முழங்கால் மேல் கிடந்தது.

மோரிபா கோழியை வாங்கினான். நன்றி சொல்லவில்லை. குனிந்தான். நாரின் முடிச்சை அவிழ்த்தான். கோழியைத் தரையில் விட்டான். அது ஒரு நிமிஷம் திகைத்து நின்றுவிட்டு, இறக்கையை அடித்துக்கொண்டு முற்றத்தின் குறுக்கே ஓடியது.

"ஏய்!" என்று கத்தினான் இளவட்டங்களில் ஒருவன்.

மோரிபா யாரையும் பார்க்கவில்லை. நேராக நடந்து கோழிக்கூண்டுக்குப் போனான். குனிந்து கையை விட்டான். முதலில் எது சிக்கியதோ அதை இழுத்தான். ஒரு பெரிய செம்பழுப்புச் சேவல். அது கத்திய கத்தல் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முற்றத்தின் நடுவில் வந்து நின்றான். எடுத்தாயிற்று. இனி பேச வேண்டியது மாமன்.

கோர்வா பேசவில்லை.

சேவல் ஓய்ந்தது. உள்ளே அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது. திட்டுடா, திட்டித் தொலைடா என்று மோரிபா உள்ளுக்குள் கெஞ்சினான். தோக்பா கட்டையிலிருந்து பாதி எழுந்திருந்தான்.

"அது ஸூபாவோடது" என்றான் கோர்வா.

மெதுவாகத்தான் சொன்னான். கூண்டில் பத்துக் கோழி இருந்தது. பத்தில் இதையா போய்ப் பிடிக்க வேண்டும்!

"ஊர்ல இருந்த கோழி பூராவையும் படை தின்னுச்சு" என்றான் கோர்வா. "ரெண்டு படையும்தான். ஸூபா வளர்த்த ஒரு பெட்டை மட்டும் காட்டுல தப்பிச்சு, பதினோரு குஞ்சோட வந்துது. அந்த வழியில வந்த சேவல் அது. அதை நாங்க யாரும் தொடறதில்ல."

"எனக்குத் தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் இங்க இல்லையே."

அவன் 'நீ' என்றதை மோரிபா கவனித்தான். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. சேவலை விடவும் தெரியாமல், வைத்திருக்கவும் தெரியாமல் நின்றான். பிறகு வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தான்.

"லன்சானா அன்னைக்கு இங்க வந்தான்னு கேள்விப்பட்டேன்."

"வந்தான்." கோர்வா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "இதோ, இப்ப நீ நிக்கிற இடத்துலதான் நின்னான். தோள்ல துப்பாக்கி. கூட நாலு பேர். எனக்குப் பயம்தான். ஆனா யாஸா அக்கா மகனாச்சே, நம்ம வீட்டுல கோழி தின்னு வளந்தவனாச்சேன்னு ஒரு தைரியம். நான் திட்டினேன். 'டேய் கோழித் திருடா, அம்மா வீட்டுக்கு இரும்பைத் தூக்கிட்டா வர்றது'ன்னு சத்தமாத் திட்டினேன். அவன் சிரிப்பான், பதிலுக்குத் திட்டுவான், மத்த நாலு பேரும் அதைப் பாத்துட்டுப் போயிடுவானுங்கன்னு நெனச்சேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. என்னைத் தெரியாதவன் மாதிரி பாத்தான். துப்பாக்கியை இந்தத் தோள்லேர்ந்து அந்தத் தோளுக்கு மாத்திக்கிட்டான். அவ்வளவுதான். அன்னைக்குச் சாயங்காலம் ஸூபா போயிட்டான். லன்சானா சுட்டான்னும் நான் சொல்ல மாட்டேன், சுடலைன்னும் சொல்ல மாட்டேன். நான் பாக்கல. ஆனா நான் திட்டுனதுக்கு அவன் பதில் சொல்லல. அதிலேர்ந்து நான் எவனையும் திட்டுறதில்ல மோரிபா. எல்லாருக்கும் நாற்காலி போட்டுடுறேன்."

மோரிபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்ததிலிருந்து அந்த நாற்காலியைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். கோர்வாவுக்குக் கோபமில்லை, பயம். தன் வாயைப் பார்த்தே அவனுக்குப் பயம்.

"லன்சானா செத்துட்டான்" என்றான். "அவன் பண்ணதுக்கு நான் நியாயம் பேச வரல. பேசவும் மாட்டேன். ஸூபா எனக்கும் மாமன். அந்தச் சேதி கேட்டு நான் அழுதது என் பொண்டாட்டிக்குத் தெரியும். ஆனா நான் லன்சானா இல்ல. நீ திட்டு. நான் பதில் சொல்றேனா இல்லையான்னு பாரு. அதுக்குத்தான் இந்தக் காட்டைத் தாண்டி வந்தேன். பதில் சொல்லலைன்னா உன் அண்ணன் மவன் கையில கத்தி இருக்கு, நான் ஓட மாட்டேன்."

கோர்வா அவனையே பார்த்தான். தொண்டையைச் செருமினான். நாலு வருஷம் பூட்டிக் கிடந்த கதவு, லேசில் திறக்குமா?

"கோழித் திருடா" என்றான். பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்டிருக்காது.

"கேக்கல மாமா. பல்லு போயிடுச்சா உனக்கு?" என்றான் மோரிபா. "கஞ்சப் பயலே! நாலு மிளகாயை வச்சு அனுப்பப் பாக்குறியே, அஞ்சாவது மிளகாய்க்கு உன் சொத்து அழிஞ்சிடுமா?"

கோர்வாவின் முகத்தில் ஏதோ இழுத்தது.

"திருட்டு நாயே!" என்றான், இப்போது சத்தமாக. "உனக்கு நாற்காலி போட்டதே அதிகம்டா! அந்தத் தாடியைப் பாரு, கிழட்டுக் கிடா மாதிரி!"

"அந்தக் காலைப் பாரு! உனக்குப் பயந்து உன் கோழி ஓடாது மாமா, நொண்டிப் போட்டிக்குத்தான் கூப்பிடும்!"

"இவனுங்க ரெண்டு பேரும் திட்டுறதைப் பாரு, பால்குடி மறக்காத பிள்ளைங்க மாதிரி!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வெடித்தது. லோர்ப்பு உலக்கையோடு வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அஞ்சு வருஷமா உயிரோட இருக்கியா செத்தியான்னு ஒரு சேதி உண்டா? மசா எப்படியிருக்கா, பிள்ளைங்க தின்னுச்சா தூங்குச்சான்னு நான் இங்க கெடந்து சாகுறேன், இவன் வந்ததும் வராததுமா என் கூண்டுல கையை விடுறான்! கை அழுகிப் போக! விடுடா அந்தச் சேவலை!"

மோரிபா சேவலை விட்டான். அது உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப்போல் நடந்து போனது. ஒரு இளவட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தோக்பா மட்டும் சிரிக்கவில்லை.

கோர்வா உள்ளே போனான். திரும்பி வரும்போது கையில் கத்தி இருந்தது. மோரிபா அசையாமல் நின்றான். கோர்வா காலை இழுத்து இழுத்து அவன் முன்னால் வந்து, கத்தியைத் திருப்பி, பிடியை அவன் பக்கம் நீட்டினான்.

"ஸூபாவோட சேவல்ல யாரும் கை வைக்க வேணாம். நீ அவுத்து விட்டியே அந்த வெள்ளை, அதைப் பிடிச்சு அறு."

"அது விருந்தாளிக் கோழியாச்சே."

"விருந்தாளி எங்கடா இருக்கான் இங்க?"

இரண்டு இளவட்டங்கள் வெள்ளைக் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். கோர்வா திரும்பினான்.

"தோக்பா. எந்திரி. அது உக்கார்ற கட்டையில்ல."

தோக்பா எழுந்திருக்கவில்லை. சித்தப்பனைப் பார்த்தான், மோரிபாவைப் பார்த்தான். மோரிபா கத்தியைத் தரையில் வைத்துவிட்டான். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையின் முன்னால் அதைக் கையில் வைத்திருக்க அவனுக்கு மனம் வரவில்லை.

வெகுநேரம் கழித்துத் தோக்பா எழுந்தான்.

"உன் மனைக்கட்டுல மரவள்ளி நட்டது நான்தான்" என்றான். "முத்துறதுக்கு இன்னும் நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் எவனும் அதுல கை வைக்கக் கூடாது."

"நாலு மாசம் நானும் என் பொண்டாட்டி பிள்ளைங்களும் உன் சித்தப்பன் வீட்டுலயே திருடித் தின்னுக்கிறோம்" என்றான் மோரிபா.

தோக்பா குனிந்து கட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மோரிபா மறுபக்கத்தைப் பிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து அதை நிமிர்த்திப் போட்டார்கள். அடியில் கிடந்த மேல்முகம் அப்படியே இருந்தது. இருபது வருஷத்துக் கத்தி வெட்டுகள், மண் ஒட்டி, அழியாமல். மோரிபா சட்டை நுனியால் அதைத் துடைத்தான்.

கோழி வந்தது. அவன் கத்தியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய், மெக்கா இருக்கும் திசை பார்த்துக் குந்தினான். கழுத்து இறகை ஒதுக்கினான். சற்று நிறுத்தினான். லாரிக்குப் பேர் கொடு என்றுதான் மசாவிடம் சொல்ல வேண்டும், அது இப்போது அவனுக்குத் தெரியும். அழாமல் சொல்ல வாய் வருமா என்பதுதான் தெரியவில்லை.

"என்னடா யோசனை?" என்று பின்னாலிருந்து கத்தினான் கோர்வா. பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். "சீக்கிரம் உன் சாமி பேரைச் சொல்லிட்டு அறுடா திருட்டுப் பயலே, பசி உயிர் போகுது!"